திரும்ப மறுக்கும் குண்டு

கீழ்புத்துப்பட்டில் திண்ணையில் காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர், மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். பாரிஸில் காப்பிக் கடை வாசலில் அதேபோல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வேகம் 1,100தான். இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு சுற்றுவது ஒரே பூமி. நாளுக்கு ஒரு சுற்று. நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பவருக்குப் பெரிய வட்டம், வடக்கே தள்ளி இருப்பவருக்குச் சின்ன வட்டம், அவ்வளவுதான். ஆனால் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து பாரிஸுக்குப் போகிற ஆள், மணிக்கு 530 கிலோமீட்டர் வேகத்தை வழியில் எங்கேயோ இறக்கி வைத்துவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்கிறார். நான் போன விமானத்தில் அது எந்த இடத்தில் நடந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. நாற்காலியும் இடுப்புப் பட்டையும் சேர்ந்து அதை என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுத்திருக்க வேண்டும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போல வந்தால், அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்த வேன்கள் வரிசையாக நிற்கும். கோயிலைச் சுற்றியிருப்பது சாமி காடு. கோடரி படாமல் தப்பிய பழைய கடற்கரைக் காடு அது; புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து மரம் மரமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று. மேற்கே போனால் கழுவேலி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய சதுப்பு நீர்ப்பரப்பு. வடக்கே மரக்காணம் போய்ச் சேர்ந்தால் கண் கூசக் கூச உப்பளம். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் பாத்திகளில் உப்பு பூக்கும். நீளக் கழியில் மாட்டிய பலகையால் அதை வாரி வரப்பில் குவிப்பார்கள். அடுத்த ஐப்பசி மழை வரும்வரைதான் அந்த வேலை.

இந்த உப்புக் காற்றுக்குள் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துவது என் பிழைப்பு. நியூட்டனின் முதல் விதிக்கு எல்லா வாத்தியார்களையும் போல என்னிடமும் ஈசிஆர் பஸ் ஒன்று தயாராக இருக்கும். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம், திடீரென்று எடுத்தால் பின்னால் சாய்கிறோம். பிள்ளைகள் சாய்ந்து காட்டிச் சிரிப்பார்கள். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அது விதியில் பாதிதான். நின்றது நிற்கும், ஓடியது ஓடும் என்பதோடு நியூட்டன் 1687-ல் நிறுத்தவில்லை. ஓடுவது நேர்கோட்டில் ஓடும் என்று இன்னொரு பாதி இருக்கிறது. பொருளுக்குத் தன் வேகத்தின் மேல் எவ்வளவு பிடிவாதமோ, தன் திசையின் மேலும் அவ்வளவு பிடிவாதம். எங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகம் நிலைமத்தை ஓய்வு, இயக்கம், திசை என்று மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லும். மூன்றாவதை, வளைவில் பஸ் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்வோம் என்கிற அளவில் முடித்துக்கொண்டு கடந்துவிடுவதே எங்கள் வகுப்புகளின் வழக்கம். என்னைக் கேட்டால், மூன்றில் பெரியது அதுதான். அந்த மூன்றாவதற்காக மட்டும், ஒரு பெரிய நகரத்தின் நடுவே, பிரான்ஸின் மகான்களைப் புதைத்த மண்டபத்தில், ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து எனக்கு அங்கே போக வேண்டும்.

போக வழி அமைந்தது ஒரு பழைய பெஞ்சுத் தோழனால். முகாமில் வளர்ந்து, என்னோடு படித்து, பிறகு எப்படியெப்படியோ பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவன். லா ஷாப்பல் பக்கத்தில் குடியிருக்கிறான். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில், ஃபோபூர் சாந்தெனி தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மட்டுமல்ல, தாலிக்கொடிக்கு அளவெடுக்கிற நகைக்கடை வரைக்கும் இருக்கிறது. அவன் பேச்சு அங்கே போய் மறுபடி யாழ்ப்பாணமாகிவிட்டது.

“மச்சான், இஞ்சை வாற சனம் எல்லாம் ஈபிள் கோபுரம் பாக்கத்தான் வாறது. நீ என்னடா, குண்டு ஆடுறதைப் பாக்கவெண்டு வந்திருக்கிறாய்?”

“ஈபிளையும் பார்ப்போம்டா. அந்தக் குண்டைத் தொங்கவிட்டவர் பேரும் அந்தக் கோபுரத்தில் எழுதியிருக்கு.”

எழுதித்தான் இருக்கிறது. கோபுரத்தின் முதல் அடுக்குக்குக் கீழே சுற்றிலும் பொறித்த 72 பெயர்களில் ஃபூக்கோவும் ஒன்று.

ஆனால் அவன் என்னை முதலில் கூட்டிப் போனது தேருக்கு. 2023 ஆகஸ்ட் கடைசி. பஜோல் தெரு மாணிக்க விநாயகர் ஆண்டுதோறும் அந்தச் சமயத்தில் லா ஷாப்பல் தெருக்களில் உலா வருவார். கடை வாசல்களில் தேங்காய் மலை மலையாகக் குவிந்து, அர்ச்சனைக்கு முன்னும் பின்னும் உடைந்துகொண்டே இருக்கும். பாரிஸ் நகரத்துத் துப்புரவுப் பணியாளர்கள் அந்த ஒரு நாளில் பார்க்கிற இளநீரை வருஷம் முழுக்கப் பார்க்க மாட்டார்கள். வடத்தில் ஆண்களும் பெண்களும் கை வைத்தார்கள், நானும் வைத்தேன். கிளப்புவதற்கு எல்லாரும் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிளம்பிய பிறகு வடம் பாதித் தொய்வில் கிடந்தது. நிற்கிற சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு, உருள்கிற சக்கரத்துக்கு அவ்வளவு இல்லை. இது வரைக்கும் பஸ் பாடம்.

தெருமுனையில்தான் மற்றப் பாடம். நேரே போகத் தொடங்கிவிட்ட தேருக்கு நேரே போவதுதான் சம்மதம். அதை வளைப்பதற்கு முன்னால் நிறுத்தினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பினார்கள். அங்கே நின்றபோது எனக்குத் திருவாரூர் ஞாபகம் வந்தது. ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் அளவுக்கு எடை. இரும்புச் சக்கரமும், திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு அங்கே வேலை போகவில்லை. நேர் வீதியில் வடம் பிடிக்கிறவர்கள் ராஜா; நான்கு மூலையிலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ராஜா. தேரோட்டத்தில் ஆபத்தான வேலை எது என்று ஊர்க்காரர்களைக் கேளுங்கள். இழுப்பது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் கார் து நோரில் ரயில் ஏறி, லுக்ஸம்பூரில் இறங்கி, சூஃப்லோ தெருவின் ஏற்றத்தில் நடந்தோம். தெருக்கோடியில் தூண்களும் குவிமாடமுமாக பாந்தியோன். கட்டிய சூஃப்லோவின் பெயர்தான் தெருவுக்கு. கிறிஸ்தவக் கோயிலாகக் கட்டி, புரட்சியில் மகான்களின் சமாதி மண்டபமாக்கி, பிறகு மறுபடி கோயிலாக்கி, மறுபடி மண்டபமாக்கி, பிரான்ஸில் அரசு மாறும்போதெல்லாம் இந்தக் கட்டடத்துக்கும் மதம் மாறியிருக்கிறது. நிலவறையில் வோல்த்தேர், ரூஸோ, விக்டர் ஹ்யூகோ. மேரி கியூரியை 1995-ல்தான் கொண்டுவந்து வைத்தார்கள். தோழன் நேரே கியூரியைப் பார்க்கப் படியிறங்கிவிட்டான். நான் மேலேயே நின்றுவிட்டேன்.

குவிமாடத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பி இறங்குகிறது. 67 மீட்டர். பாதி உயரத்துக்கு மேல் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் பொன்னிறக் குண்டு எதிலும் தொங்காமல் தானாக மிதந்து வருவதுபோல் இருக்கிறது. இந்தக் கோடியிலிருந்து கிளம்பி, நடுவில் சற்று விரைந்து, அந்தக் கோடியில் ஒரு கணம் யோசித்து, திரும்பி வருகிறது. போய்வர 16 நொடிக்குக் கொஞ்சம் கூட. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால் இரண்டு நொடியில் போய்வந்துவிடும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நிதானம் ஒரு மாதிரியாக இருக்கிறது. அது கோடியில் நிற்கும்போது நாமும் மூச்சை நிறுத்திக்கொள்கிறோம். குண்டின் அடியில் ஒரு கூர்முனை. தரையில் வட்டமாக அளவுகள் குறித்த மேடை. கூர்முனை ஒரு கோட்டுக்கு நேராக வந்து திரும்புவதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வீச்சில் அதே இடம் என்றுதான் தோன்றும். ஐந்தாறு வீச்சுக்குப் பிறகு சந்தேகம் வரும். கால் மணி நேரத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும். கூர்முனை நான் குறித்த கோட்டைத் தாண்டி, கடிகார முள் போகிற பக்கம் நகர்ந்திருந்தது. யாரும் தொடவில்லை. ஒரு மணி நேரத்தில் பதினொரு பாகைக்குச் சற்று மேல். அந்தக் கணக்கு நான் பாரிஸுக்கு வருவதற்கு முன்பே நோட்டில் எழுதி வைத்திருந்தது. எழுதி வைத்திருந்தும், அது கண்ணெதிரே நடக்கும்போது முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. நகர்ந்தது குண்டு இல்லை. நான் நின்ற தரை, அதோடு சேர்ந்து தூண்கள், கீழே வோல்த்தேர், வெளியே வரிசையில் நிற்கும் சீனச் சுற்றுலாக்காரர்கள், எல்லாரும் சேர்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறோம். அந்த மண்டபத்தில் திரும்ப மறுத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஏன் மறுக்கிறது என்பது சுருக்கமான விஷயம். குண்டின் மேல் இருப்பது இரண்டே விசை. பூமியின் ஈர்ப்பு கீழே இழுக்கிறது, கம்பி மேலே இழுக்கிறது. இரண்டும் அது ஆடுகிற தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பக்கவாட்டில் தள்ள ஆள் இல்லை. கம்பியின் மேல்முனையை எந்தப் பக்கமும் ஒரேபோல் அசையும்படி பிடித்திருப்பதால், கட்டடத்தின் சுழற்சி கம்பி வழியாகக் குண்டுக்கு இறங்குவதும் இல்லை. தள்ளாதவரை திசையை மாற்றிக்கொள்ள அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்த லெயோன் ஃபூக்கோ பட்டம் பெற்ற கணித மேதை இல்லை. மருத்துவம் படிக்கப் போய், ரத்தத்தைப் பார்த்தால் ஆகாமல் விட்டவர். கை வேலைக்காரர். கடைசல் இயந்திரத்தில் மாட்டியிருந்த மெல்லிய கம்பியொன்று அதிர்ந்துகொண்டிருந்தபோது, இயந்திரத்தைச் சுற்றினாலும் அதிர்வின் தளம் சுற்றாமல் நிற்பதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். 1851 ஜனவரியில் தன் வீட்டு நிலவறையில் இரண்டு மீட்டர்க் கம்பியில் குண்டு கட்டி ஆட்டிப் பார்த்தார். முதல் தடவை கம்பி அறுந்தது. சில நாள் கழித்து, நடுநிசிக்கு மேல், ஊசல் திரும்புவதைக் கண்டார். அடுத்த மாதம் பாரிஸ் வானாய்வகத்தில் பதினொரு மீட்டர்க் கம்பி; பூமி சுழல்வதைப் பார்க்க வரும்படி விஞ்ஞானிகளுக்கு அழைப்பு அனுப்பினார். மார்ச்சில், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியன் சொல்லி, இதே பாந்தியோனில் 28 கிலோ குண்டோடு பொதுமக்களுக்குக் காட்டினார். தரையில் ஈர மணலைக் கரை கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீச்சிலும் கூர்முனை மணலைக் கீறும். போய்த் திரும்பி வரும்போது கீறல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழும். மணலில் பூமி தானே கையெழுத்துப் போடுவதைப் பார்க்க பாரிஸ் கூடிவிட்டது.

இதில் என் வாத்தியார் மனசுக்கு மிகப் பிடித்த இடம் குண்டை விடுவித்த முறைதான். கையால் பிடித்து விட்டால், கை எவ்வளவு சுத்தமாக விட்டாலும், பக்கவாட்டில் ஒரு மயிரிழைத் தள்ளல் சேர்ந்துவிடும். அதை ஊசல் கடைசிவரை மறக்காது. நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டம் போடத் தொடங்கும். அதனால் ஃபூக்கோ குண்டை ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டி, அதன் நடுக்கம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, நூலுக்குத் தீ வைத்தார். நூல் எரிந்து அறுந்ததும் குண்டு கிளம்பியது. உலகத்தில் நான் கேள்விப்பட்ட விடுவிப்புகளில் இவ்வளவு மரியாதையானது வேறில்லை.

பெரிய கணிதக்காரர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் போயிற்று. புவாசோன் போன்றவர் ஏற்கெனவே இந்தத் திசை மாற்றத்தைச் சமன்பாட்டில் தொட்டுவிட்டு, கண்ணுக்குப் படாத அளவுக்குச் சிறியது என்று தள்ளிவிட்டிருந்தார். ஒவ்வொரு வீச்சிலும் சிறியதுதான். சேர்ந்துகொண்டே போகும் என்பதை விட்டுவிட்டார். அந்த டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்துத் தானே எல்லாம் ஆனபோது மண்டபம் மறுபடி கோயிலானது; ஊசல் இறக்கப்பட்டது. இப்போது ஆடுவது 1995-ல் மாட்டிய நகல்.

“இவ்வளவு நேரமும் இதையே பாத்துக்கொண்டு நிக்கிறியே?” என்று நிலவறையிலிருந்து வந்த தோழன் கேட்டான். “பூமி சுத்துதெண்டு ஒருத்தருக்கும் தெரியாமலா இருந்தது?”

தெரிந்துதான் இருந்தது, சண்டையோடு. 499-ல் ஆரியபட்டர், ஓடத்தில் போகிறவருக்குக் கரை பின்னால் ஓடுவதுபோலத் தெரிவதைச் சொல்லி, வானம் சுற்றுவதும் அப்படியே என்று எழுதினார். அடுத்த தலைமுறையில் வராகமிகிரர் மடக்கினார்: பூமி அப்படிச் சுழன்றால், கூட்டைவிட்டுப் பறந்த பறவைகள் திரும்பிக் கூட்டுக்கு எப்படி வந்து சேரும்? எவ்வளவு நல்ல கேள்வி! கழுவேலிக் கரையில் விடியலில் நின்று பார்த்திருக்கிறேன். நாரைகள் எழும்பிப் போகும். சாயங்காலம் அதே மரம், அதே கிளை. மணிக்கு 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிளை நழுவி ஓடுகிறது என்றால், கிளையைவிட்ட அரை நொடியில் அது இருநூறு மீட்டருக்கு மேல் கிழக்கே போயிருக்க வேண்டுமே. வராகமிகிரருக்கு மூடநம்பிக்கைக்காரர் பட்டம் கட்டுகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லிப் பார்க்கட்டும். பதிலை ஊரறியச் சொன்னவர் கலிலியோ. 1632-ல் வந்த அவருடைய நூல் அதை ஒரு கப்பலில் வைத்துச் சொல்கிறது: ஓடுகிற கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து விட்ட கல், பாய்மரத்தின் அடியிலேயே விழும், கப்பலின் ஓட்டத்தைக் கல்லும் வைத்திருக்கிறது. கிளையைவிட்டு எழும்பும் நாரையும் கிளையின் 1,630-ஐத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் எழும்புகிறது. காற்றும் அப்படியே. எல்லாரும் ஒன்றாகப் போவதால் யாருக்கும் போவது தெரிவதில்லை. அதனால்தான் ஃபூக்கோ தேவைப்பட்டார். வேகத்தைக் காட்டிக்கொடுக்காத பூமி, திரும்புவதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று இரவு தோழன் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு அவன் மகளுடைய கணக்கு நோட்டில் வேறு ஊர்களுக்குப் போட்டுப் பார்த்தோம். துருவத்தில் ஊசல் கட்டினால் கதை எளிது. காலடித் தரை நின்ற இடத்திலேயே ஒரு நாளில் ஒரு சுற்றுத் திரும்பும், ஊசல் ஒரு சுற்றுக் காட்டும். நிலநடுக்கோட்டில் தரை கிழக்கே குப்புறக் கவிழ்ந்துகொண்டே போகிறதே தவிர, நின்ற இடத்தில் திரும்புவதில்லை; அங்கே ஊசல் எத்தனை நாள் ஆடினாலும் அதே கோடுதான். நடுவிலுள்ள ஊர்களுக்கு இரண்டும் கலந்த பங்கு. அட்சரேகையின் சைன் மதிப்பைப் பெருக்கினால் வந்துவிடும். பாரிஸில் ஒரு சுற்றுக்கு 32 மணி நேரம் போல. டெல்லியில் 2023-ல் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓர் ஊசல் தொங்குகிறது. அதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம். கீழ்புத்துப்பட்டுக்குப் போட்டால் 115 மணி வந்தது, நாலே முக்கால் நாள். பாந்தியோன் குண்டை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து எங்கள் ஊரில் கட்டினால், ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் கீறல் முக்கால் மில்லிமீட்டர்தான் தள்ளிவிழும். மரக்காணத்து உப்பில் ஒரு கல் அதைவிடப் பெரிது.

“கொழும்பிலை?” என்றான்.

“கொழும்பில் போட்டே பார்த்துவிட்டார்கள். அதே 1851-லேயே. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பாகைகூட இல்லை.”

அதற்குப் பிறகு அவனுக்கும் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 67 மீட்டர்க் கம்பியை எங்கே கட்டலாம் என்று அவன் கேட்க, தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே கூடு என்பதும், உயரமும் கிட்டத்தட்ட அதுவே என்பதும் நினைவுக்கு வந்தது. நேர் கீழே பெருவுடையார் இருக்கிறார். பேச்சை அதோடு விட்டோம்.

மணிக்கு மூன்று பாகை, முக்கால் மில்லிமீட்டர் என்றால், நம் ஊரில் இந்த மூன்றாவது வகை நிலைமத்தைப் பெரிதாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கத் தோன்றும். புவாசோனும் அப்படித்தான் நினைத்தார். ஊசல் சின்னது. வங்காள விரிகுடாவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருகிற காற்று சின்னது இல்லை.

திருவிழாவில் ரங்கராட்டினத்தின் ஒரு குதிரையில் உட்கார்ந்துகொண்டு, எதிர்க் குதிரையில் இருக்கும் தம்பிக்குப் பந்தை எறிந்து பார்த்தவர்களுக்கு இது சுலபம். பந்து நேரேதான் போகும். தம்பி அதற்குள் நகர்ந்திருப்பான். ராட்டினத்தில் இருப்பவர்களுக்குப் பந்து வளைந்து போனதாகத் தெரியும். எங்கள் கடற்கரைப் பக்கத்துக் காற்று வடக்கே கிளம்பினால், தன் 1,630-ஐயும் சுமந்துகொண்டே போகிறது. போய்ச் சேர்கிற தரைக்கு வேகம் குறைவு. தரையை முந்திக்கொண்டு கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம், ஒதுங்குகிறது. வடக்கேயிருந்து தெற்கே வருகிற காற்று, வேகமான தரையிடம் பின்தங்கி மேற்கே விலகுகிறது. அதற்கும் அது வலப்பக்கமே. கிழக்கு மேற்காக வீசுகிற காற்றும் வலப்பக்கமே விலகும், காரணம் இன்னும் கொஞ்சம் சுற்றுவழி. இப்போது கடலில் ஓரிடத்தில் அழுத்தம் குறைகிறது. நாலா பக்கமிருந்தும் காற்று அதை நோக்கி ஓடி வருகிறது. எல்லாமே வலப்பக்கம் விலகி, குறி தவறி, மையத்துக்குப் பக்கத்தில் போகின்றன. மையம் விடாமல் இழுக்கிறது. நேரே போகவும் முடியாமல், உள்ளே விழவும் முடியாமல், காற்று இடஞ்சுழியாக மையத்தைச் சுற்றத் தொடங்குகிறது. அதுதான் புயல். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். ஊசலைத் திருப்பாத தரை காற்றையும் திருப்புவதில்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய தானே புயலில் கடலூர்ப் பக்கத்து முந்திரிக்காடும் பலாத்தோப்பும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பாந்தியோனில் மணலை மில்லிமீட்டர் கணக்கில் கீறியதும், பலாமரத்தைப் பெயர்த்த காற்றைச் சுழல வைத்ததும் ஒரே பிடிவாதம்தான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது இப்போதெல்லாம் பஸ் கதைக்குச் சிரிக்கிற பின்வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது.

கூனிமேட்டுக் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு இதில் பாதி, எந்தப் பாரிஸும் போகாமலே தெரிந்திருந்தது. “வாடை அடிச்சி, அப்புறம் அது கொண்டலாயி, கொண்டல் சோழகமாச்சின்னா, பொயலு நமக்குத் தெக்கால கரையேறிப் போவுதுன்னு அர்த்தம் சார். வாடை கச்சானாத் திரும்புச்சின்னா வடக்கால போவுது.” வடகாற்று கீழ்க்காற்றாகி, பிறகு தென்காற்றாவது, அல்லது வடகாற்று மேல்காற்றாவது. காகிதத்தில் ஓர் இடஞ்சுழி வரைந்து, அதைக் கிழக்கேயிருந்து மேற்கே நகர்த்திப் பாருங்கள். அவர் சொன்னது எழுத்துப் பிசகாமல் வரும். டச்சுக்காரர் பைஸ் பாலட் 1857-ல் இதையே ஒரு விதியாகச் சொல்லி வைத்தார். நம் அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், இடக்கைப் பக்கம் புயலின் மையம்.

2024 நவம்பர் 30 சாயங்காலம் ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. தோழன் பாரிஸிலிருந்து போன் போட்டான். அவன் அம்மா இன்னும் இங்கேதான், முகாமில்.

“அம்மா சுகமா இருக்கிறாவாடா? புயல் எங்கை நிக்குது? டிவியிலை ஒவ்வொருத்தன் ஒவ்வொண்டு சொல்றான்.”

“பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் தங்க வச்சிருக்காங்க. சாப்பாடும் வந்துருச்சு. இரு, பார்த்துச் சொல்றேன்.”

தாழ்வாரத்துக்கு வந்து, மழை பிடரியில் அறைய, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். நல்ல கொண்டல். இடக்கையை நீட்டினேன், அது புதுச்சேரியைக் காட்டியது. சொன்னேன். இரவு பதினோரு மணி வாக்கில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அது கரையைக் கடந்தது. வழக்கமாகக் கரையேறிய புயல் மேற்கே நடையைக் கட்டிவிடும், காற்றும் சோழகமாகத் திரும்பும். புயலுக்குக் குண்டைப்போலத் தன் ஓட்டத்தில் பிடிவாதம் கிடையாது. சுற்றியிருக்கும் பெரிய காற்றோட்டம் தள்ளிக்கொண்டு போனால்தான் போகும். தள்ள ஆள் இல்லையென்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். விடிந்து மறுபடி தாழ்வாரத்துக்கு வந்து நின்றேன். இடக்கை அசையாமல் அதே புதுச்சேரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. மயிலத்தில் ஐம்பதைத் தொட்டது. மரக்காணத்தில் பாத்தி எது, வரப்பு எது, ஏரி எது என்று தெரியவில்லை என்றார்கள். போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது.

“மச்சான், எப்ப விலகுமாம்?”

“இன்னும் கொண்டல்தான்டா அடிக்குது. சோழகமாகட்டும், கூப்பிட்டுச் சொல்றேன்.”